இடது பக்கம் பிடிச்சாச்சு

எங்கள் தெருப் பட்டறையில் காரை வேலைக்கு விட்டால் வலது பக்கத்தை அண்ணன் பார்ப்பார், இடது பக்கத்தைத் தம்பி பார்ப்பார். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த மழைநாளுக்குப் பிறகு எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை.

என் கடைக்கும் அவர்கள் பட்டறைக்கும் நடுவில் ஒரே சுவர். நான் கார் சீட்டு தைப்பவன். தெருவில் எனக்குப் பெயர் சீட்டுக்காரர். புதிதாக வருகிறவர்கள் நான் ஏதோ சீட்டு நடத்திவிட்டு ஓடப்போகிறவன் என்று நினைத்து ஒரு மாதிரி பார்ப்பார்கள். தையல் மெஷினைக் காட்டினால்தான் முகம் தெளியும். சுவர் மெல்லிய சுவர். அந்தப் பக்கம் ஸ்பேனர் விழுந்தால் இந்தப் பக்கம் என் ஊசி துள்ளும். ஆகவே அவர்கள் வீட்டு விஷயம் எனக்குத் தெரிவது என் குற்றமில்லை, சுவர் கட்டிய கொத்தனாரின் குற்றம்.

பட்டறைக்கு மேலேயே வீடு. வெளிப்பக்கமாக ஓர் இரும்புப் படிக்கட்டு. அண்ணனைப் பெரியவர் என்பார்கள். கிழவர் இல்லை, தலையில் இன்னும் பாதி கறுப்பு இருக்கிறது. தம்பி என்று ஒருவர் பிறந்துவிட்டதால் பெரியவர் ஆனவர். தம்பி, சின்னவர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டார். சாப்பாடு, துணி, காய்ச்சல் எல்லாம் அண்ணி பொறுப்பு. அண்ணி என்றால் பெரியவரின் மனைவி. சின்னவர் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தெருவுக்கே அவர் அண்ணி ஆகிவிட்டார். அவர்களுக்கு ஒரே மகள், பாப்பா. டிரைவிங் ஸ்கூலில் ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள், வீட்டில் இன்னும் பாப்பாதான்.

அந்தப் பட்டறையில் இரண்டு வார்த்தைகளுக்குத் தனி அர்த்தம் உண்டு. நட்டை விரலால் சுற்றிக்கொண்டே போய், இனி விரலுக்கு அடங்காது என்னும் இடத்தில் விட்டால் அது 'பிடிச்சது'. ஸ்பேனர் போட்டு, அளவு பார்த்து முடுக்கி, மேலே மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தால் அது 'இறுக்கினது'. பிடிச்ச வண்டி பட்டறை வாசலைத் தாண்டாது. இறுக்கின வண்டி எங்கு வேண்டுமானாலும் போகும். இது அவர்கள் இருவரும் சேர்ந்து, பேசாமலே போட்டுக்கொண்ட சட்டம்.

சண்டை வந்ததும் இறுக்கினதில்தான். ஒரு வாடிக்கையாளர் காத்திருக்கும்போது பெரியவர் சக்கர நட்டுகளை முடுக்கிக் கோடு போட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தார். சின்னவர் ஏதோ நினைப்பில், இறுக்கம் சரியென்றால் டக்கென்று சொல்லும் அளவு ஸ்பேனரை எடுத்து அதே நட்டுகளில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். டக், டக், டக். வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே, "என்ன தம்பி, அண்ணன் மேல சந்தேகமா?" என்று கேட்டுத் தொலைத்தார். பெரியவருக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நான் இறுக்கினதை நீ சோதிக்கிறியா?"

"சோதிக்கலை. சும்மா பார்த்தேன்."

"சும்மா பார்க்குறதுக்கு நான் என்ன நேத்து வேலைக்கு வந்தவனா? இனிமே நான் தொட்டதை நீ தொடாதே. நீ தொட்டதை நானும் தொட மாட்டேன்."

"ரொம்ப நல்லதாப் போச்சு."

அவ்வளவுதான். அன்றிலிருந்து காருக்கு நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. பேச்சும் நின்றது. ஆனால் ஒரே காருக்கு அடியில் இருவர் படுத்துக்கொண்டு பேசாமல் எப்படி வேலை செய்வது? அதற்குத்தான் அண்ணி. பட்டறை ஃபோனை எடுப்பவர், கணக்கு எழுதுபவர், மேலே சமைப்பவர் என்று ஏற்கெனவே படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த மனுஷி, இப்போது இருவருக்கும் தூது போகவும் ஆரம்பித்தார்.

"அவன்கிட்ட சொல்லு, பிரேக் பைப்பை வளைக்கத் தெரியலைன்னா வெல்டிங் கடையில போய் எடுபிடியா இருக்கச் சொல்லு" என்பார் பெரியவர்.

அண்ணி இரண்டடி நடந்து சின்னவரிடம், "பிரேக் பைப்பை இன்னொரு தடவை பார்க்கச் சொல்றார்" என்பார்.

"அவருக்கு முதல்ல கண்ணாடி மாத்தச் சொல்லுங்க அண்ணி. குருடன் மாதிரி தடவிக்கிட்டுத் திரியறார்."

அண்ணி திரும்ப வந்து, "சரி, பார்க்கிறாராம்" என்பார்.

சல்லடைக்கு மறுபெயர் அண்ணி என்று நான் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஆனால் அவர் கஷ்டம் எனக்குத் தெரியும். ஒருநாள் என் கடை வாசலில் வந்து நின்று, "சீட்டுக்காரரே, எனக்கு நாக்கு ஒண்ணுதான் இருக்கு. அதுல ரெண்டு பேரோட விஷத்தையும் எப்படிச் சுமக்கிறது? பாதியை நான் முழுங்கிடறேன்" என்று சொல்லிவிட்டு என் டீயை எடுத்துக் குடித்துவிட்டுப் போனார். டீ போனதுகூட எனக்கு உறைக்கவில்லை, அப்படி ஒரு முகம்.

அந்த நேரத்தில்தான் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. இரண்டே சீட்டு, தரையோடு தரையாக. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். வாங்கியவர் அது போதாதென்று ஸ்பிரிங்கை மாற்றி இன்னும் தாழ்த்தியிருந்தார். தாழ்த்தியதும் முன்சக்கரங்கள் இரண்டும் மேல்பக்கம் உள்ளே சாய்ந்துவிட்டன. டயரின் வெளிப்பக்கம் புதிது, உள்பக்கம் கம்பி தெரிகிறது. சக்கரத்தையும் உடம்பையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கைதான் கண்ட்ரோல் ஆர்ம். கம்பெனி கொடுத்தது ஒரே நீளம், கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஆகவே மேல் ஆர்ம் இரண்டையும் கழற்றிவிட்டு நீளத்தை மாற்றக்கூடிய ஆர்ம்களைப் போடச் சொல்லி, பெட்டியோடு கொண்டுவந்து இறக்கினார்.

அந்தப் பெட்டியைப் பிரித்த அன்று இருவரும் சண்டையையே மறந்துவிடுவார்கள் போலிருந்தது. அவ்வளவு அழகு. நடுவில் மரை வெட்டிய ஒரு குழல். அதை ஒரு பக்கம் திருப்பினால் ஆர்ம் நீளும், மறுபக்கம் திருப்பினால் சுருங்கும். சக்கரத்தின் சாய்வை நினைத்த இடத்தில் நிறுத்தலாம். நிறுத்திய பிறகு குழல் தானாகத் திரும்பாமலிருக்க இரண்டு முனையிலும் லாக் நட்டு. அந்த நட்டு நின்றால்தான் ஆர்ம் நிற்கும், ஆர்ம் நின்றால்தான் சக்கரம் நிற்கும். சின்னவர் ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்து வாய் திறந்தார். எதிரே பெரியவர் இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு நின்றார். இருவரும் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

வேலை நடந்தது. பழைய ஆர்மின் போல்ட்டுகள் துருவேறி வர மறுத்தன. எண்ணெய் விட்டு ஊறவைத்து, சூடுகாட்டி, தட்டித் தட்டி எடுத்தார்கள். வலது பக்கம் ஒரு சத்தம், சிறிது நேரம் கழித்து இடது பக்கம் அதே சத்தம். சுவருக்கு இந்தப் பக்கம் நான் அந்தக் காரின் கிழிந்த சீட்டைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாய்வுக்கு அளவு வைக்கும் நாள். வானம் காலையிலிருந்தே மூடிக்கொண்டு கிடந்தது. சின்னவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இடது பக்க ஆர்மைத் திருப்பி அளவு வைத்தார். நான் தைத்த சீட்டைப் பொருத்துவதற்காகக் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். பெரியவர் மேலே சாப்பிடப் போயிருந்தார்.

சின்னவர் எழுந்து துணியில் கை துடைத்தார். "அண்ணி, பல் பிடுங்கப் போறேன். உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க. இடது பக்கம் அளவு வச்சிட்டேன். லாக் நட்டைப் பிடிச்சு மட்டும் விட்டிருக்கேன். அவர் வலது பக்கத்தைத் திருப்பினா என் பக்கமும் கொஞ்சம் நகரும். அவர் முடிச்சதும் பார்த்துட்டு அவரே இறுக்கிக்கட்டும். நான் இறுக்கினா அதுலயும் ஒரு குத்தம் கண்டுபிடிப்பார். அவர் கை பட்டாத்தானே நட்டு நட்டா நிக்கும்! மகாராஜா கை!"

"சரி, சரி. நீங்க கிளம்புங்க. குடை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் அண்ணி.

அவர் செய்தது சரியான வேலை. கோபத்தில் பேசினாலும் தொழிலில் தப்பு இல்லை. ஒரு பக்கம் அளவு வைக்கும்போது மறுபக்கம் அசையும் என்பதால் கடைசி வரை லாக் நட்டைப் பிடித்துத்தான் வைப்பார்கள். நானும் அதைக் கேட்டுக்கொண்டே சீட்டின் போல்ட்டுகளைப் போட்டு முடித்து என் கடைக்குப் போய்விட்டேன்.

அண்ணி மேலே போனார். அடுப்பில் சூப்பு கொதித்துப் பொங்கிக்கொண்டிருந்ததாம். அதை இறக்கிக்கொண்டே அவர் சொன்னது இவ்வளவுதான்: "இடது பக்கம் அளவு வச்சுப் பிடிச்சாச்சாம். பல் பிடுங்கப் போயிருக்கார். உங்களை ஆறுறதுக்குள்ள சாப்பிடச் சொன்னார்."

மகாராஜாவை எடுத்தார். குற்றம் கண்டுபிடிப்பதை எடுத்தார். கையை எடுத்தார். அதோடு ஒட்டிக்கொண்டிருந்த 'அவரே இறுக்கிக்கட்டும்' என்பதும் சேர்ந்து போய்விட்டது. அவர் காதுக்கு அதுவும் ஒரு குத்தல் பேச்சாகத்தான் கேட்டிருந்தது. பிடிப்பதும் இறுக்குவதும் அவருக்கு ஒன்றுதான். ஸ்பேனர் தொடாதவருக்கு வேறெப்படி இருக்கும்?

பெரியவருக்கு ஒரு கணம் இடித்ததாம். பிடிச்சாச்சா, இறுக்கியாச்சா என்று கேட்க வாய் வந்ததாம். ஆனால் அவன் வேலையை முடிக்காமல் எழுந்து போகிறவன் இல்லையே என்று நினைத்தாராம். கேட்டால் சந்தேகப்படுகிற மாதிரி ஆகும். சந்தேகத்தில்தானே சண்டையே ஆரம்பித்தது. சூப்பைக் குடித்துவிட்டு இறங்கி வந்து தன் பக்கத்தை அளவு வைத்தார், இறுக்கினார், மஞ்சள் கோடு போட்டார். அளவு பார்க்கும் மெஷினின் திரையில் இரண்டு பக்கமும் சரியாகக் காட்டியது. இடது பக்கத்தைக் குனிந்து பார்க்கவில்லை. அது அவர் பக்கம் இல்லை.

"பாப்பா, ஒரு ஓட்டு ஓட்டிப் பார்த்துட்டு வாம்மா."

முன்பக்க வேலை எது செய்தாலும் அவள்தான் ஓட்டிப் பார்ப்பாள். அணைக்கு மேலே போகிற வளைவுச் சாலை. முதல் சுற்று மெதுவாக, காதைத் தீட்டிக்கொண்டு. இரண்டாவது சுற்றில் பிரேக். மூன்றாவது சுற்றில் காரைக் கசக்கிப் பிழிவாள். ஓட்டும்போது ஃபோன் சத்தத்தை நிறுத்தி டாஷ்போர்டுக்குள் போட வேண்டும். அது அவள் அப்பா போட்ட சட்டம். சிவப்புக் கார் என் கடையைத் தாண்டும்போது ஹாரனைத் தட்டி, "மாமா, சீட்டு சூப்பர்!" என்று கத்திவிட்டுப் போனாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. சின்னவர் குடையை மறந்துவிட்டு நனைந்துகொண்டே வந்தார். வாயில் பஞ்சு. மரத்துப்போன உதடு ஒரு பக்கமாகத் தொங்கியது. பட்டறைக்குள் நுழைந்தவர் காலியாகக் கிடந்த மேடையைப் பார்த்து நின்றார்.

"வங்கி எங்கே?"

"என்ன?" என்றார் அண்ணி.

"வங்கி! வங்கி!" சின்னவர் பஞ்சைத் துப்பினார். ரத்தம் தரையில் விழுந்தது. "வண்டி எங்கே அண்ணி?"

"பாப்பா ஓட்டிப் பார்க்கப் போயிருக்கா. ஏன்?"

சின்னவர் பெஞ்சுக்கு ஓடினார். மஞ்சள் பெயிண்ட் டப்பா வலது பக்கத் தட்டில், பெரியவர் பக்கத்தில் இருந்தது. இடது பக்கத் தட்டில் சின்னவருடைய டப்பா மூடியபடி காய்ந்து கிடந்தது. நான் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தபோது பெரியவர் உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்தார். சின்னவர் பேயறைந்த மாதிரி நின்றார். அப்போதும் அவர் அண்ணனைப் பார்க்கவில்லை, அண்ணியைத்தான் பார்த்தார்.

"அவர் இடது பக்கம் இறுக்கினாரான்னு கேளுங்க."

"அவன்தானே பிடிச்சாச்சுன்னு சொன்னான்னு சொல்லு" என்றார் பெரியவர்.

"பிடிச்சிருக்கேன்னுதான் சொன்னேன்! பிடிச்சு மட்டும் விட்டிருக்கேன், இறுக்கிக்கட்டும்னு சொன்னேன்!"

அண்ணி மேசையைப் பிடித்துக்கொண்டார். "பிடிக்கிறதும் இறுக்குறதும் ஒண்ணுதானே?" என்று அவர் கேட்ட குரலை நான் மறக்க மாட்டேன். கேட்கும்போதே அவருக்குப் பதில் தெரிந்துவிட்டது.

பெரியவர் ஃபோனை எடுத்து மகளுக்குப் போட்டார். மணி அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடி போட்டார். அவர் போட்ட சட்டத்தை அவள் ஒழுங்காகக் கடைப்பிடித்துக்கொண்டிருந்தாள். டாஷ்போர்டுக்குள் ஒரு வெளிச்சம் வந்து வந்து போவது எனக்குக் கண்ணில் தெரிந்தது.

மெக்கானிக் வீட்டுக் கார் எப்போதும் பிரித்துத்தான் கிடக்கும். அவர்கள் காரின் எஞ்சின் மூலையில் சாக்கு போட்டு மூடிக் கிடந்தது. "என் வேன் இருக்கு, ஏறுங்க" என்றேன். முன்னால் நாங்கள் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். அண்ணி பின்னால் என் ஸ்பாஞ்ச் ரோல்களுக்கு நடுவில். அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சந்தையைத் தாண்டினோம். வைப்பர் ஒரு பக்கம் துடைத்தால் மறுபக்கம் மூடிக்கொண்டது. ஒவ்வொரு சிக்னலிலும் பெரியவர் காலால் தரையை அழுத்தினார், அங்கே ஏதோ ஆக்சிலரேட்டர் இருப்பதுபோல.

"ரெண்டு நட்டுமே பிடிச்சுதான் விட்டானான்னு கேளு" என்றார், தலையைப் பின்பக்கம் திருப்பி.

அண்ணி வெடித்தார்.

"கேட்க மாட்டேன்! பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கார், வாய் இல்லையா உங்களுக்கு? என் பொண்ணு அங்கே எந்த வளைவுல இருக்காளோ தெரியலை, இப்பவும் கேளு, சொல்லு, கேளு, சொல்லு! நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் ஸ்பீக்கரா?"

"இல்லடி, நான்..."

"நீங்க பேசாதீங்க. இத்தனை நாளும் நீங்க என்ன சொன்னீங்க, அவர் என்ன சொன்னார்னு இப்ப முழுசாச் சொல்லட்டுமா? அவரை வெல்டிங் கடைக்கு எடுபிடியாப் போகச் சொன்னீங்க. உங்களைக் குருடன்னு சொன்னார். அவனுக்குச் சோறு போடறதுக்கு நாய்க்குப் போடலாம்னு ஒருநாள் சொன்னீங்களே, அதை நான் சொல்லலை. அன்னைக்கு ராத்திரி அவர் தட்டுல முட்டை ஒண்ணு கூட வச்சேன்."

சின்னவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு முன் கண்ணாடியையே பார்த்தார்.

"அண்ணன் மாத்திரை போட்டாரான்னு அவர் தினமும் கேட்கிறார்னு சொன்னேனே, நீங்களும் உடனே எடுத்துப் போட்டீங்களே. அவர் ஒருநாளும் கேட்டதில்லை. தம்பி, நீங்க மெலிஞ்சுட்டீங்கன்னு அண்ணன் வருத்தப்படறார்னு உங்ககிட்டயும் சொன்னேன் இல்ல? அவர் உங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கலை. எல்லாம் நானே போட்டது. கெட்டதை எடுத்தேன், நல்லதைப் போட்டேன். இன்னைக்கும் அப்படித்தான் எடுத்தேன். எதை எடுத்தேன்னு பாருங்க."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. ஸ்பாஞ்ச் ரோலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்தேன். எனக்கு அந்த இரண்டு பேர் மேலும் கெட்ட கோபம் வந்தது. இறங்கச் சொல்லி மழையில் விட்டுவிடலாமா என்றுகூட இருந்தது.

கொஞ்ச தூரம் போன பிறகு பெரியவர், "ரெண்டுமா?" என்று கேட்டார். குரல் எழும்பவே இல்லை. தம்பியைத்தான் கேட்டார்.

"ரெண்டும்" என்றார் சின்னவர்.

"எவ்வளவு தாங்கும்?"

"மெதுவாப் போனா தாங்கும். குலுங்கக் குலுங்கக் குழல் திரும்ப ஆரம்பிக்கும். நீண்டுக்கிட்டே வரும். ஒரு கட்டத்துல மரை விட்டுடும்."

"பிரேக் பிடிச்சா?"

சின்னவர் கண்ணை மூடிக்கொண்டார். பெரியவர் திருப்பிக் கேட்கவில்லை.

அணை அடிவாரத்தில் ஒரு டீக்கடை. நான் வேனை நிறுத்துவதற்குள் பெரியவர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "ஐயா, சிவப்புக் கார் ஒண்ணு, தாழ்ந்த கார், இந்தப் பக்கம் போச்சா?"

"அந்தப் பொண்ணு ஓட்டுதே, அதுவா? மேல போச்சு, கீழ வந்துச்சு, மறுபடி மேல போச்சு, மறுபடி வந்துச்சு. என்ன சார், மழைல விளையாட்டு?"

"இப்ப எங்கே?"

"இப்பத்தான் மறுபடி மேல போச்சு. சர்ருன்னு."

மூன்றாவது சுற்று. பெரியவர் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். சின்னவர் அந்தக் கையைப் பிடித்து இறக்கினார். நான் வேனைக் கிளப்பினேன்.

வளைவு ஒவ்வொன்றிலும் மேகம் இறங்கியிருந்தது. எதிரே என்ன வருகிறதென்றே தெரியவில்லை. ஹாரனை அழுத்திக்கொண்டே ஏறினேன். ஒவ்வொரு வளைவு திரும்பும்போதும் வேனுக்குள் நாலு பேரும் மூச்சை நிறுத்தினோம். திரும்பியதும் வெறும் சாலை, ஈரம், மரங்கள். அண்ணி முன் சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் தோள்களுக்கு நடுவில் முகத்தை வைத்திருந்தார். அவருடைய மூச்சு என் காதில் பட்டது.

முதலில் பார்த்தது அவர்தான். "அதோ."

கார் சாலைக்குக் குறுக்காக, மூக்கைக் கைப்பிடிச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. சுவரின் மேல் கற்கள் பெயர்ந்து அந்தப் பக்கம் போயிருந்தன. இடது முன்சக்கரம் கால் ஒடிந்த மாதிரி மேல்பக்கம் வெளியே சாய்ந்து படுத்துக் கிடந்தது. உள்ளே ஆள் இல்லை.

அண்ணி கத்திய சத்தம் மலையில் போய் மோதித் திரும்பியது.

"இங்கே இருக்கேன்மா."

சாலையின் மறுபக்கம், மண் திட்டை ஒட்டி, பாப்பா உட்கார்ந்திருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, முழுதும் நனைந்து. கீழுதட்டில் பல் பட்டு ரத்தம் மழையோடு கரைந்துகொண்டிருந்தது. வேறு காயம் இல்லை. அண்ணி ஓடிப்போய் அவளைத் தலை, தோள், கை, கால் என்று தடவித் தடவிப் பார்த்தார். எனக்கு ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவே சிறிது நேரமானது. பிறகு இறங்கினேன்.

பெரியவர் சக்கரத்துக்கு முன்னால் மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டார். சின்னவர் பக்கத்திலேயே மண்டியிட்டார். குழல் கடைசி மரை வரை வெளியே வந்து, உருவிக்கொண்டு நின்றது. லாக் நட்டு எங்கோ தள்ளி, விரலால் தட்டினால் சுற்றுகிற மாதிரி இருந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு எழுந்து மகளிடம் வந்தார்கள். இருவருக்கும் அவள் கிட்டே போகக் கால் வரவில்லை.

"என் தப்பும்மா" என்றார் சின்னவர். உதடு இன்னும் மரத்துக் கிடந்ததால் அது சரியாகக்கூட வரவில்லை.

"இல்லம்மா, நான் குனிஞ்சு பார்த்திருக்கணும்" என்றார் பெரியவர்.

பாப்பா இருவரையும் நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. டிரைவிங் ஸ்கூலில் மாணவனுக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"முதல் சுத்துலயே சத்தம் கேட்டுச்சுப்பா. லேசா டொக்குன்னு, இடது பக்கம். ரெண்டாவது சுத்துல பிரேக் பிடிச்சப்போ ஸ்டியரிங் இழுத்துச்சு. வேற எந்தப் பட்டறையில செஞ்ச வண்டியா இருந்தாலும் அங்கேயே நிறுத்திட்டு நடந்து வந்திருப்பேன். எங்க அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து செஞ்ச வேலை, புது ஆர்ம், செட் ஆகத்தான் சத்தம் போடுதுன்னு நினைச்சேன். அதனாலதான் மூணாவது சுத்து போனேன்."

அவள் எழுந்தாள். அண்ணி தன் மேல்துணியை அவள் தலையில் போட்டார். பாப்பா நேராக வந்து என் வேனின் முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். நானும் போய் என் இடத்தில் ஏறினேன். சீக்கிரம் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பு. அவள் உடம்பு வெடவெடத்துக்கொண்டிருந்தது.

சாவியைப் போட்டேன்.

"மாமா."

"சொல்லும்மா."

"இந்த வேனுக்குக் கடைசியா முன்பக்க வேலை யார் செஞ்சது?"

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"உங்க அப்பாவும் சித்தப்பாவும்தாம்மா. வேற யார்கிட்ட நான் போவேன்?"

"சண்டைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வரவில்லை.

"பின்னாடி."

அவள் சிறிது நேரம் நனைந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவைத் திறந்து இறங்கினாள். கதவை அடிக்காமல் மெதுவாகச் சாத்தினாள். மலைச் சாலையில் கீழ்நோக்கி, ஓரமாக நடக்க ஆரம்பித்தாள். அண்ணி ஒன்றும் கேட்காமல் அவள் பின்னால் ஓடிப்போய்க் கையைக் கோத்துக்கொண்டார். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாப்பா! மழைல அவ்வளவு தூரம் எப்படிம்மா நடப்பே?" என்று கத்தினார் பெரியவர். கொஞ்ச தூரத்தில் மேகம் அவர்களை மூடிவிட்டது.

பெரியவர் என் ஜன்னலுக்கு வந்தார். அவர் முகத்தில் வழிந்தது மழையா என்னவென்று நான் பார்க்கவில்லை.

"வண்டியை எடு, சீட்டு. பின்னாடியே மெதுவாப் போயி ஏத்திக்கலாம்."

சாவி என் விரலில்தான் இருந்தது. வேன் வந்த வழியெல்லாம் ஒழுங்காகத்தான் வந்தது, ஒரு சத்தம் இல்லை. இருந்தும் கீழே இறங்கும் அந்த வளைவுகளை நினைத்தபோது கை திருகவில்லை. எத்தனையோ வருஷமாக அந்த மனுஷன் இறுக்கிக் கொடுத்ததில் ஏறி, ஒரு நினைப்பும் இல்லாமல் ஊர் ஊராகப் போய் வந்தவன் நான். சாவியை உருவிப் பையில் போட்டேன். இறங்கிக் கதவைச் சாத்தினேன்.

"நாமளும் நடந்துடலாம்ணே" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நடக்கத் தொடங்கினார். சின்னவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே வந்தார்.